இஞ்செக்டர் நட்டும் ஒரு உருண்டைக் களிமண்ணும்

நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியிலிருந்து போன மாதம் ஒரு போன். பேசியது முதலாளியின் மகன். பழைய டீசல் இஞ்சினைக் கழுவி, பச்சைப் பெயிண்ட் அடித்து, ஆபீஸ் வாசலில் மேடை கட்டி வைக்கப் போகிறார்களாம். பக்கத்தில் ஒரு பலகை வருமாம். "அங்கிள், அந்த இஞ்சினப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க. உங்கள விட்டா அதைப் பத்தி யாருக்குத் தெரியும்?" என்றார். எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எத்தனை குதிரைத்திறன், எத்தனை வருஷம் ஓடியது என்று இரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அந்த இஞ்சினைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அது இல்லை என்று தெரிந்தது. சொல்ல வேண்டியது பலகையில் அடங்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் பிட்டர் வேலை படித்தேன். அரம் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்ததுதான் அங்கே மிச்சம். அப்புறம் திட்டக்குடியில் ஒரு லாரிப் பட்டறை. அதன் பிறகு விருத்தாசலத்துக்கு வந்து இந்தக் கம்பெனியில் சேர்ந்தவன், ஓய்வு பெறுகிற வரைக்கும் வேறெங்கும் போகவில்லை. கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட நாலு ஷெட், மண் அரைக்கிற இரண்டு உருளை மில், எண்ணெயில் எரிகிற ஒரு சூளை, அவ்வளவுதான். எங்கள் சரக்கு போக, சொந்தமாகச் சூளை இல்லாத சின்னச் சின்ன ஆட்களுக்கு ஒரு நாள், இரண்டு நாள் என்று சூளையை வாடகைக்கும் விடுவோம்.

என் போர்மேன் பெயர் கலியமூர்த்தி. மெக்கானிக் வேலைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்த ஒரே மனிதர் அவர்தான். அதைவிட ஆச்சரியம், சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதும் அந்தச் சட்டை வெள்ளையாகவே இருக்கும். கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு வந்த காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துதான் எந்த வேலையையும் ஆரம்பிப்பார். நின்றபடி ஒரு நட்டைக் கழற்றி அவரை நான் பார்த்ததில்லை. "நின்னுக்கிட்டுக் கழட்டினா ஒடம்பு எடை பூரா ஸ்பேனர்ல எறங்கிடும். ஒக்காந்தா கை மட்டுந்தான் பேசும்" என்பார்.

நட்டைக் கழற்ற அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் கம்பி பிரஷால் மரையைச் சுற்றித் தேய்ப்பார். அப்புறம் மண்ணெண்ணெயும் இஞ்சின் ஆயிலும் கலந்து நாலு சொட்டு விடுவார். விட்டதும் உடனே ஸ்பேனரைத் தொட மாட்டார். ஒரு வெற்றிலையை நிதானமாகப் போட்டு மென்று முடிப்பார். அதற்குப் பிறகும் கழற்றுகிற பக்கம் திருப்ப மாட்டார். முறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்பிப் பார்ப்பார். அது அசைந்தால் கழன்றுவிடும் என்று அர்த்தம். அசையாவிட்டால் மறுபடியும் நாலு சொட்டு, மறுபடியும் வெற்றிலை. ஸ்பேனரின் நுனியில் இரும்புப் பைப்பை மாட்டி நீளத்தைக் கூட்டி இழுப்பது எல்லாப் பட்டறையிலும் உள்ள பழக்கம். அவர் ஷெட்டில் அது கூடவே கூடாது. நான் சேர்ந்த புதிதில் லாரிப் பட்டறைத் தெம்பில் மில்லின் மூடிக்குப் பைப் போட்டு இழுத்தேன். போல்ட் பாதியில் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. அவர் திட்டவில்லை. கைத்துரப்பணத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பாதி போல்ட்டைத் துளைத்து எடுக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

அந்த மனிதருக்குத் தெரியாமல் நான் ஒரு காரியம் செய்தேன்.

கரண்ட் வெட்டு கடுமையாக இருந்த வருஷங்கள் அவை, இரண்டாயிரங்களின் பிற்பகுதி. தினமும் மதியம் இரண்டு மணிக்குப் போனால் நாலு மணிக்குத்தான் கரண்ட் வரும். சூளைக்குள் எண்ணெயைத் தூவி எரிய வைக்கிற காற்று ஒரு புளோயரிலிருந்து வருகிறது. புளோயர் நின்றால் தீ நின்றுவிடும். அதனால் அந்த இரண்டு மணி நேரமும் பழைய டீசல் இஞ்சின்தான் பெல்ட் போட்டுப் புளோயரைச் சுழற்றும். ஒற்றை சிலிண்டர், கையால் ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்புகிற ரகம். செய்த கம்பெனியே மூடிப் போயிருந்தது. உடைந்தால் மாற்றப் பாகம் கிடையாது.

போர்மேன் மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் இருந்தார். அந்தச் சமயத்தில் இஞ்சினின் இஞ்செக்டர் ஓரத்தில் காற்று சீற ஆரம்பித்தது. இஞ்செக்டர் என்பது டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற சின்னக் குழல். சிலிண்டருக்கு மூடி மாதிரி இருக்கிற ஹெட்டில் அதை உட்கார வைத்து, மேலே ஒரு பெரிய நட்டைத் திருகிப் பிடித்திருப்பார்கள். அடியில் ஒரு செம்பு வாஷர் இருந்தால் காற்று வெளியே வராது. அந்த வாஷர் தேய்ந்து போயிருந்தது, ஸ்டோரில் வேறு இல்லை. சூளையோ எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் எது ஒழுகினாலும் கை தானாகக் களிமண்ணைத்தான் தேடும். தண்ணீர்த் தொட்டி கசிந்தாலும் களிமண், ஓட்டில் விரிசல் விட்டாலும் களிமண். அதிலும் சிலிகேட் கலந்த களி ஒன்று உண்டு. அச்சில் ஊற்றுகிற மண் கூழ், அதிகத் தண்ணீர் சேர்க்காமலே இளகி ஓட வேண்டும் என்பதற்காகச் சிலிகேட் என்று கோந்து மாதிரி ஒன்றைக் கலப்பார்கள். அது கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்டால், காய்ந்த பிறகு உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். அந்தக் களியில் ஒரு உருண்டை வாங்கிவந்து, வாஷர் இருக்க வேண்டிய இடத்திலும் மரையிலும் அப்பி நட்டை முறுக்கிவிட்டேன். சீறல் நின்றது. முதலாளி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். லீவு முடிந்து போர்மேன் வந்ததும் சொல்லிவிட்டு, நல்ல வாஷர் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் வந்தார், புது வாஷர்களும் ஸ்டோருக்கு வந்தன. ஆனால் தோளில் தட்டு வாங்கிய கையோடு திட்டு வாங்க மனசு வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆறு மாசம் ஓடிவிட்டது.

இனி பச்சையம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள், மண்பாண்டம் செய்கிற குடும்பம். சூளையிலிருந்து வெளியே வருகிற சரக்கை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, நல்லது ஒரு பக்கம், விரிசல் விட்டது ஒரு பக்கம் என்று பிரிப்பது அவள் வேலை. முழுசாக இருப்பது கணீர் என்னும், விரிசல் இருந்தால் சத்தம் செத்துப் போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசலை அவள் காது கண்டுபிடித்துவிடும். பதினைந்து வருஷம் அடுத்தவர் சரக்கைத் தட்டியவள், அந்த வருஷம் கார்த்திகைக்கு முதன்முதலாகத் தன் பெயரில் அகல் விளக்கு செய்தாள். மூவாயிரம் விளக்கு, பச்சைக் கிளேஸ் போட்டது. கோயில் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். "தட்டத் தெரிஞ்சவளுக்குச் செய்யத் தெரிஞ்சிடுமா?" என்று ஷெட்டிலேயே சிரித்தவர்கள் உண்டு. சூளையை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தாள். கார்த்திகைக்குப் பத்து நாள்தான் இருந்தது. இந்தச் சுடல் கெட்டால் மறுபடி மண் ஊற்றி, காயவைத்து, சுட்டெடுக்க நேரம் கிடையாது. அவளும் பழைய மேஜைக்கே போய் அடுத்தவர் சரக்கைத் தட்ட வேண்டியதுதான்.

விடிகாலையில் சூளையைப் பற்ற வைத்தோம். சூளை எரிகிற நாளில் போர்மேன் இஞ்சினை இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பார். பற்ற வைக்கும் முன் ஒரு தடவை, கரண்ட் போவதற்கு மூன்று மணி நேரம் முன்பு ஒரு தடவை. காலையில் ஓடியது. பதினொரு மணிக்கு ஹேண்டில் போட்டால் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிட்டது. நாலைந்து தடவை சுற்றிப் பார்த்தோம். டீசல் பைப்பைக் கழற்றிச் சோதித்தார், பம்ப் நன்றாக இருந்தது. "இஞ்செக்டர் ஒழுவுது. ஸ்டோர்ல ஒன்னு இருக்குதுல்ல, மாத்திடுவோம். கால் மணி நேர வேல" என்றார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

கம்பி பிரஷை நான்தான் எடுத்து நீட்டினேன்.

பிரஷ் போட்டார், எண்ணெய் விட்டார், வெற்றிலை போட்டார். முறுக்குகிற பக்கம் திருப்பினார். நட்டு அசையவில்லை. மறுபடியும் எண்ணெய், மறுபடியும் வெற்றிலை. "துரு புடிக்கிற எடமே இல்லியே இது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மணி பன்னிரண்டைத் தாண்டியதும் என்னிடம், "சிகாமணி, புளோ லாம்ப்பைப் பத்த வை. கொஞ்சம் சூடு காட்டுவோம்" என்றார். துருவாக இருந்தால் சூட்டுக்கு இளகும். சிலிகேட் களி சூடு பட்டால் இன்னும் கெட்டியாகும். அது தெரிந்தும் என் கையாலேயே தீயைப் பீய்ச்சுகிற அந்த விளக்கைப் பற்ற வைத்து, என் கையாலேயே நட்டைச் சுற்றித் தீயைக் காட்டினேன். களியாக இருக்காது, துருவாகத்தான் இருக்கும் என்று கடவுளை வேண்டிக்கொண்டே காட்டினேன். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டே முக்காலுக்கு முதலாளி வந்தார். சூளை ஆயிரத்து நூறு டிகிரியைத் தொடப்போகிறது, கிளேஸ் உருகி வருகிற நேரம் இரண்டு மணிக்குத்தான் சரியாக வரும். அப்போது தீ அடங்கினால் புகை உள்ளே சுற்றி, பச்சையெல்லாம் சாம்பல் பூத்துக் கொப்புளம் போடும். அவர் சத்தம் போடவில்லை.

"என்னா கலியமூர்த்தி, பைப்பு போட்டு இழுத்துப் பாத்துடுங்களேன்" என்றார்.

"ஹெட்டு வார்ப்பு இரும்புங்க. விரிஞ்சிடும்."

"கழட்டலன்னாலும் ஓடப்போறதில்லியே. ஒடஞ்சா ஒடயட்டும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. போர்மேன் நட்டைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற பச்சையம்மாளைப் பார்த்தார். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் எழுந்தார். மூலையில் கிடந்த மூன்றடிப் பைப்பைத் தானே போய் எடுத்துவந்து ஸ்பேனரில் மாட்டினார். உட்காரவில்லை. நின்றபடி பைப்பைப் பிடித்தார்.

அவர் நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, இழுக்காதீங்க. அது துரு இல்ல. நான் களிமண்ணு வச்சிருக்கேன்."

போர்மேன் பைப்பைக் கழற்றிக் கீழே வைத்தார். "எப்போ?"

"நீங்க கல்யாண லீவுல இருந்தப்போ. வாஷர் இல்ல."

"வெறும் மண்ணா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கதவோரத்திலிருந்து பச்சையம்மாள் சொன்னாள். "மண்ணு நான்தாங்க குடுத்தேன். சிலிகேட்டு தூக்கலாப் போட்டுப் பெசஞ்சு குடுத்தேன். அது எண்ணெய்க்கு மசியாது. சுடுதண்ணிதான் ஊத்தணும்."

சிலிகேட்டை மண் கலக்கிற ஷெட்டுக்கு வெளியே யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது கம்பெனியில் கண்டிப்பான சட்டம். முதலாளி அங்கேயே நிற்கிறார். அவர் முன்னாலேயே அவள் அதைச் சொன்னாள். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார், போர்மேன் கையைக் காட்டினார். "அதெல்லாம் நாலு மணிக்கு மேல பேசிக்கலாங்க. நீ உள்ள வா தாயி. எப்படி ஊத்தணும்?"

அதுவரை அந்த இஞ்சின் ரூமுக்குள் அவள் காலெடுத்து வைத்ததில்லை. வந்தவள் முதலில் எண்ணெயைத் துடைக்கச் சொன்னாள், எண்ணெய் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது என்று. சோப்புத்தூள் போட்டுத் துடைத்தேன். ஈரக் களிமண்ணைத் திரித்துக் கயிறாக உருட்டி, நட்டைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்கு ஒரு கரை கட்டினாள், கிணற்றுச் சுவர் மாதிரி. சூளையோரம் எப்போதும் கொதிக்கிற அண்டாவிலிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றினோம். ஹெட் சூடாக இருந்தது, பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டு பட்டாலும் விரிந்துவிடும் என்று போர்மேன் ஒவ்வொரு செம்பையும் தொட்டுப் பார்த்தே ஊற்றவிட்டார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீரைத் துணியால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசாக ஊற்றினோம். மூன்றாவது தடவை தண்ணீர் பால் மாதிரி வெளுத்து வந்தது.

"இப்போ தட்டுங்க. பலமா இல்ல. நான் கேக்கறேன்" என்றாள்.

போர்மேன் கால் கிலோ சுத்தியலை எடுத்து, நட்டின் ஆறு பக்கத்திலும் வரிசையாகத் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இந்தப் பக்கம் வுட்டுடுச்சு. செவுத்துப் பக்கம் இன்னும் செத்த சத்தம்." மறுபடியும் தண்ணீர். மறுபடியும் தட்டல். எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டது. போர்மேனுக்கும் அப்படித்தான் என்று பிற்பாடு ஒத்துக்கொண்டார். ஆனால் அவள் சொன்ன பக்கத்தில், சொன்ன அளவுக்கு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தட்டினார். மணி ஒன்று முப்பத்தைந்துக்கு அவள் கண்ணைத் திறந்தாள். "சுத்திலும் ஒரே சத்தம். பாருங்க."

போர்மேன் வாளியில் உட்கார்ந்தார். முறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்பினார். நட்டு கரகரவென்று நகர்ந்தது. பிறகு கழற்றுகிற பக்கம் திருப்ப, வெள்ளைத் தூளை உதிர்த்துக்கொண்டு கையோடு வந்தது.

தூளைத் துடைத்து, செம்பு வாஷர் போட்டு, புது இஞ்செக்டரை இறக்கி, டீசல் பைப்பில் இருந்த காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. தினம் இரண்டு மணிக்குப் போவது அன்றைக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே போனது. புளோயர் இழுத்து இழுத்து நின்றது. சூளையின் பார்வைத் துளையில் மஞ்சளாகத் தெரிந்த தீ சிவந்து சுருங்கியது. நான் ஹேண்டிலைப் பிடித்தேன். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் ஒரு உறுமல் கேட்டு அடங்கியது. "மூச்ச வுட்டுட்டுச் சுத்து" என்றார் போர்மேன். நாலாவதில் பிடித்துக்கொண்டது. பெல்ட்டைத் தள்ளினார், புளோயர் ஊதியது, துளைக்குள் தீ மறுபடி மஞ்சளானது. பச்சையம்மாள் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். அவளை யாரும் தடுக்கவில்லை, முதலாளி கூடத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. முதலாளி சிலிகேட் பேச்சை எடுத்தார். "சுடுதண்ணி வச்சு உங்க இஞ்சினக் காப்பாத்துனதும் அவதாங்க" என்றார் போர்மேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. என்னை அவர் சும்மா விடவில்லை. மறுநாள் ஒரு செம்புத் தகட்டையும் அரத்தையும் என் முன்னால் வைத்தார். நூறு வாஷர், எல்லாம் கையால் வெட்டி, பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். "இனிமே இந்த ஷெட்டுல வாஷர் இல்லன்னு எவனும் சொல்லக்கூடாது" என்றார். வெட்டி முடிக்க ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வாரமும் எனக்கு டீ அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

சூளை ஆறித் திறக்க இரண்டு நாள் ஆனது. பலகை பலகையாக விளக்குகள் வெளியே வந்தன. அன்றைக்குப் பலகை தூக்குகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பச்சையம்மாள் தன் மேஜையில் உட்கார்ந்து தன் விளக்கைத் தானே தட்டினாள். ஒன்றிரண்டு ஒதுங்கின, மற்றதெல்லாம் கணீர் கணீர் என்றன. பாதிச் சரக்கு பார்த்து முடிந்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"எதுக்கு மண்ணுன்னு ஆறு மாசம் முந்தி நீ கேக்கவே இல்ல. தெரியாமக் குடுத்துட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே. மொதலாளி எதுருல ஏன் மாட்டிக்கிட்ட?" என்றேன்.

"ஏன் தெரியாது? இஞ்சின் ரூம்லருந்து ஓடியாந்து மூச்சு வாங்கிக்கிட்டுக் கேக்கற. எதுக்குன்னு தெரியாதா? முந்தாநாளு அவரு மண்ணெண்ண ஊத்தறப்பவே அந்த மண்ணுதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

பலகையைக் கீழே வைத்துவிட்டேன். "தெரிஞ்சுமா ரெண்டு மணி நேரம் சும்மா நின்ன? உன் சரக்கு உள்ள எரியுது. அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் கையிலிருந்த விளக்கைத் தட்டிப் பார்த்து, நல்லது பக்கம் வைத்தாள்.

"நீ ஏன் சொல்லல? அதே பயந்தான்யா எனக்கும்."